வீடு கைமாறினால் குடித்தனமும் காலியா?

“வீட்டை வித்தாச்சு. இந்த மாசத்தோட காலி பண்ணிக் குடுத்துடுங்க!”

வாடகை வீட்டில் இருப்பவருக்கு இதைவிட வயிற்றைக் கலக்கும் சேதி வேறு இல்லை. மண்ணாடிப்பட்டு கொம்யூனில் இன்று எந்த வாசலிலும் இந்தச் சேதி வந்து நிற்கலாம்.

புதுவை–விழுப்புரம் ரோடு இந்தக் கொம்யூன் வழியாகத்தான் போகிறது. திருபுவனையில் தொழிற்பேட்டை. கலிதீர்த்தாள்குப்பத்தில் மருத்துவக் கல்லூரியும் ஆஸ்பத்திரியும். மதகடிப்பட்டில் சந்தை. திருக்கனூரில் கடைத்தெரு. ஆலைக்குப் போகிறவர், ஆஸ்பத்திரி நர்சு, காலேஜ் மாணவர், கடையில் கணக்கு எழுதுகிறவர் என்று வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் லைன் வீடும் மாடி போர்ஷனும்தான் கதி.

ரோட்டோர மனைக்கு விலை ஏற ஏற வீட்டுக்காரருக்கும் மனசு மாறுகிறது. மாதம் சில ஆயிரம் வாடகை வாங்கி, ஓட்டுக்கும் குழாய்க்கும் செலவு செய்வதைவிட, விற்றுவிட்டு மொத்தமாக எண்ணி வைத்தால் மகள் கலியாணம் முடியும், பேங்க் கடன் தீரும். இதைத் தப்பு என்று யார் சொல்ல முடியும்? சொத்து அவருடையது. அதை விற்கக் குடியிருப்பவரிடம் அவர் சம்மதம் கேட்க வேண்டியதும் இல்லை.

ஆனால் “வித்தாச்சு” என்பதற்கும் “காலி பண்ணு” என்பதற்கும் நடுவே ஒரு சட்டம் நிற்கிறது. அது பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த மீதிப் பேரும் புரோக்கர் பேச்சில் மறந்துபோகிறார்கள்!

1882 சட்டம் சொல்வது என்ன?

சொத்து மாற்றச் சட்டம் 1882-ம் ஆண்டு வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுவைக்கு அது அப்போது வரவில்லை. 1954 நவம்பர் 1-ந் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்து, 1962 ஆகஸ்டு 16-ந் தேதி சட்டப்படி இணைந்த பிறகு, 1968-ல் பாராளுமன்றம் போட்ட சட்டத்தின் மூலம் இங்கும் நீட்டப்பட்டது.

அதில் 109-வது பிரிவை ஒவ்வொரு குடித்தனக்காரரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. வாடகைக்கு விட்ட சொத்தை ஒருவர் விற்றால், வாங்கியவர் பழைய வீட்டுக்காரரின் இடத்தில் வந்து நிற்கிறார். அவருக்கு இருந்த உரிமைதான் இவருக்கும். அதற்கு மேல் ஒரு பிடி கூடக் கிடையாது. அதாவது, வீடுதான் கைமாறுகிறது. குடித்தனம் இருந்தபடியே இருக்கிறது.

11 மாத அக்ரிமெண்டில் இன்னும் 6 மாதம் பாக்கி இருந்தால், இடையில் காலி செய்யச் சொல்லலாம் என்று அதில் வாசகம் இல்லாதவரை, வாங்கியவரும் அந்த 6 மாதத்தைப் பொறுக்க வேண்டியவர்தான். அக்ரிமெண்டு முடிந்தும் வாடகையை வாங்கிக்கொண்டே வந்திருந்தால் அது மாதாமாதக் குடித்தனம். அதை முடிக்க 106-வது பிரிவின்படி 15 நாள் எழுத்து நோட்டீஸ் தர வேண்டும். வாசலில் நின்று சொன்ன வாய்ச்சொல் நோட்டீஸ் ஆகாது.

(அது ஏன் எல்லா அக்ரிமெண்டும் 11 மாதம் என்று கேட்கிறவர்கள் உண்டு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். அந்தச் செலவுக்குப் பயந்துதான் ஒரு மாதத்தைக் குறைத்து எழுதுகிறார்கள்!)

“நான் வாங்கும்போது ஆள் இருக்கிறது எனக்குத் தெரியாது” என்று புது வீட்டுக்காரர் சொன்னாலும் எடுபடாது. ஒருவர் ஒரு வீட்டில் குடியிருப்பதே, வாங்குகிறவருக்கு அறிவிப்புக் கொடுத்ததற்குச் சமம் என்கிறது அதே சட்டத்தின் 3-வது பிரிவு. வீட்டைப் பார்க்காமலா வாங்கினார்?

வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்

இது போக, புதுவைக்கென்று 1969-ம் ஆண்டின் கட்டடங்கள் (குத்தகை, வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் வந்தது. 1960-ம் ஆண்டின் சென்னைச் சட்டத்தின் சாயலில் பிறந்தது. வாடகை பாக்கி, உள்வாடகை, கட்டடத்தைப் பாழாக்குதல், சொந்தக்காரரின் சொந்தத் தேவை, இடித்துக் கட்டுதல் என்று காலி செய்ய வைக்கும் காரணங்களை அந்தச் சென்னைச் சட்டம் வரிசையாக அடுக்கியது. “விற்கப் போகிறேன்” என்பது அந்த வரிசையில் இல்லை.

1979-ல் உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் சேர்ந்து தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் தீர்ப்புச் சொன்னார்கள். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் செல்லும் இடத்தில் 106-வது பிரிவு நோட்டீஸே தேவை இல்லை, சட்டம் சொல்லும் காரணத்தை மெய்ப்பித்தால்தான் வெளியேற்ற முடியும் என்பது அதன் சாரம். நோட்டீஸ் விட்டுவிட்டோம் என்று மீசையை முறுக்கியவர்களுக்கு அது ஒரு குட்டு.

மதகடிப்பட்டைத் தாண்டி மேற்கே வளவனூர் போனால் கதை வேறு. அது விழுப்புரம் மாவட்டத்துப் பேரூராட்சி. தமிழ்நாட்டில் பழைய 1960 சட்டம் போய், 2017-ல் இயற்றிய புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. அக்ரிமெண்டை எழுத்தில் போட்டுப் பதிந்தாக வேண்டும். குடியிருப்பு அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் கூடாது. ஒரே ரோடு, ஒரே பஸ், எல்லைக் கல்லைத் தாண்டினால் வேறு சட்டம்! வளவனூரில் இருக்கும் மச்சான் சொன்னதை மதகடிப்பட்டில் அப்படியே பிடித்துக்கொள்ளக் கூடாது.

அட்வான்ஸ் யார் தலையில்?

உண்மையான அடிதடி இங்கேதான்.

ஒரு ஆலைத் தொழிலாளி 50 ஆயிரம் ரூபாய் அட்வான்ஸ் கொடுத்து 5 ஆண்டாகக் குடியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு விற்றாகிவிட்டது. பழையவரிடம் கேட்டால், “அதெல்லாம் கிரயத்துலயே கழிச்சுட்டோம், வாங்கினவர்கிட்ட கேளுங்க அண்ணே” என்பார். புதியவரிடம் கேட்டால், “நான் உங்ககிட்ட ஒத்தை ரூபாய் வாங்கலையே!” என்பார். பந்து இங்கும் அங்கும் உருளும். பணம் மட்டும் வராது.

109-வது பிரிவு இதற்கும் வழி வைத்திருக்கிறது. குத்தகையால் வந்த பொறுப்பிலிருந்து, வீட்டை விற்றேன் என்ற ஒரே காரணத்தைக் காட்டிப் பழைய வீட்டுக்காரர் கழன்றுகொள்ள முடியாது. “இனி வாங்கியவரே எனக்குப் பொறுப்பு” என்று குடியிருப்பவர் தேர்ந்துகொண்டால் மட்டுமே அது புதியவர் தலைக்கு மாறும். தேர்வு செய்வது குடியிருப்பவரின் உரிமை. புரோக்கருக்கோ சொந்தக்காரருக்கோ அதில் வேலை இல்லை.

ஆகவே அவசரப்பட்டுப் புதியவர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடுவது ஆபத்து. அதில் அட்வான்ஸ் தொகை எழுதியிருக்கிறதா, எழுதியிருந்தால் அதைத் திருப்பித் தருவதாக யார் ஒப்புக்கொள்கிறார் என்று பார்த்த பிறகே பேனாவை எடுக்க வேண்டும். கிரயத்துக்கு முன்பே மூன்று பேரும் உட்கார்ந்து, அட்வான்ஸ் பற்றி ஒரு வரி எழுதி வாங்கிவிட்டால் பின்னால் தலைவலி இல்லை. கிரயம் முடிந்து பணம் எண்ணியான பிறகு பழைய வீட்டுக்காரரைப் பிடிப்பது குதிரைக் கொம்பு.

இன்னொரு கையெழுத்துப் பொறியும் உண்டு. “சும்மா ஒரு பேச்சுக்கு, ரெண்டு மாசத்துல காலி பண்றேன்னு எழுதிக் குடுங்க” என்பார்கள். மத்திய மந்திரிசபை 2021 ஜூனில் ஒப்புதல் கொடுத்த மாதிரி வாடகைச் சட்டத்தைப் படித்தால் அதன் கூர்மை தெரியும். காலி செய்கிறேன் என்று குடியிருப்பவர் எழுதிக் கொடுத்து, அதை நம்பி வீட்டுக்காரர் விற்பனை ஒப்பந்தம் போட்டிருந்தால், அதுவே வெளியேற்றக் காரணம் என்கிறது அது. சும்மா எழுதிய தாள் சும்மா இருக்காது!

வாடகை நின்றால் வம்பு

வீடு கைமாறும் நேரத்தில் பலர் செய்யும் தவறு வாடகையை நிறுத்துவது. பழையவர் “எனக்கு வேணாம்” என்கிறார், புதியவர் வந்து கேட்கவில்லை, சரி பார்த்துக்கொள்ளலாம் என்று 4 மாதம் ஓடிவிடுகிறது. பிறகு “வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தார்” என்று மனு! விற்பனையைச் சொல்லி வெளியேற்ற முடியாதவர்களுக்கு நாமே காரணத்தைத் தூக்கிக் கொடுப்பது போல ஆகிவிடும்.

விற்பனை நடந்தது தெரியாமல் பழையவரிடம் வாடகை கொடுத்திருந்தால், அதே வாடகையைப் புதியவருக்கு இரண்டாம் முறை கொடுக்கத் தேவை இல்லை. விற்பனைக்கு முந்திய பாக்கியைக் கேட்கவும் புதியவருக்கு உரிமை கிடையாது. தெரிந்த பிறகு, கிரயப் பத்திரத்தின் நகலைப் பார்த்துவிட்டு, அதில் உள்ள பெயருக்கே கொடுக்க வேண்டும். அண்ணன் தம்பி சொத்தில் ஒருவர் மட்டும் விற்றிருக்கலாம். வந்து கேட்பவர் வாங்கியவரின் மைத்துனராக இருக்கலாம். கையில் கொடுத்தால் ரசீது, போனில் அனுப்பினால் அதன் பதிவு, இரண்டில் ஒன்று இருக்க வேண்டும். கடிதம் என்றால் ஸ்பீடு போஸ்ட். (பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பரிலிருந்து ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது.)

போக்கியத்தில் இருப்பவர் உஷார்!

மாத வாடகை கட்ட முடியாதவர்கள் நகையை விற்று 2 லட்சம், 3 லட்சம் என்று போக்கியம் கொடுத்துக் குடியிருப்பது நம் பக்கத்தில் சகஜம். வாடகை இல்லை, வட்டி இல்லை. காலி செய்யும்போது முழுப் பணமும் வரும் என்பது பேச்சு.

சட்டத்தின் கண்ணில் இது வாடகை அல்ல, அடமானம். 100 ரூபாய்க்கு மேற்பட்ட போக்கியத்தைப் பதிவு செய்தாக வேண்டும். பதிந்திருந்தால் வில்லங்கச் சான்றில் அது தெரியும். வீட்டை யார் வாங்கினாலும் போக்கியப் பணத்தைக் கொடுத்துத்தான் மீட்க வேண்டும். வீட்டையே பிடித்துக்கொண்டு உட்காரலாம்.

வெறும் ஸ்டாம்பு பேப்பரில் இரண்டு சாட்சியோடு எழுதியிருந்தால்? வில்லங்கம் போட்டுப் பார்க்கிறவர் கண்ணுக்கு அது தெரியாது. வாங்கியவரை எதிர்த்து அந்தத் தாளை நிறுத்துவது கடினம். பணம் வாங்கிய பழையவரைத் துரத்த வேண்டியதுதான். அவர் அதற்குள் கடனை அடைத்துவிட்டு ஊர் மாறியிருப்பார். வாடகைக்காரருக்குப் போவது 10 மாத அட்வான்ஸ். போக்கியக்காரருக்குப் போவது வாழ்நாள் சேமிப்பு. பதிவுச் செலவை மிச்சம் பிடித்ததற்கு இவ்வளவு பெரிய விலை!

பிரெஞ்சுக்காரன் காலத்தில்?

இதில் ஒரு வேடிக்கை. 1882 சட்டம் இங்கே வருவதற்கு முன்பும் மண்ணாடிப்பட்டில் ஒரு சட்டம் இருந்தது. பிரெஞ்சு சிவில் சட்டம் 1819-லேயே பிரெஞ்சிந்தியாவுக்கு வந்துவிட்டது. தேதி உறுதியான குத்தகைப் பத்திரம் வைத்திருப்பவரை, வீட்டை வாங்கியவர் வெளியேற்றக் கூடாது என்கிறது அதன் 1743-வது பிரிவு. அங்கும் பத்திரமும் தேதியும்தான் பேசின.

பிரான்சில் இன்றைய நிலை இன்னும் ஒரு படி மேலே. 1989 ஜூலை 6-ந் தேதிச் சட்டப்படி, தட்டுமுட்டுச் சாமான் இல்லாமல் விட்ட வீட்டை விற்பதற்காகக் காலி செய்யச் சொல்லும் சொந்தக்காரர், குத்தகை முடிய 6 மாதம் இருக்கும்போதே நோட்டீஸ் தர வேண்டும். அந்த நோட்டீசே “முதலில் நீ வாங்கிக்கொள்கிறாயா?” என்று குடியிருப்பவருக்குக் கொடுக்கும் விலைச் சீட்டும் ஆகும். பாரீசில் உறவுக்காரர் உள்ள புதுவைக் குடும்பங்களுக்கு இது புது சேதி அல்ல.

வாங்கும் முதல் உரிமை நம் நாட்டில் வாடகைக்காரருக்குத் தானாக வருவதில்லை. ஆனால் அக்ரிமெண்டில் எழுதிக்கொள்ளத் தடை இல்லை. “விற்பதானால் முதலில் குடியிருப்பவரிடம் கேட்க வேண்டும்” என்று ஒரு வரி சேர்க்க ஒரு நிமிஷம் போதும்.

சாமானை வீதியில் போட்டால்?

நோட்டீஸ் காலம் முடிந்தாலும், ஆளை அனுப்பிப் பூட்டை உடைக்க யாருக்கும் உரிமை இல்லை. கோர்ட்டு வழியாகத்தான் வெளியேற்ற வேண்டும். அப்படி அல்லாமல் துரத்தப்பட்டவர், 1963-ம் ஆண்டின் தனிப்பரிகாரச் சட்டம் 6-வது பிரிவின் கீழ் 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பப் பெறலாம்.

கேஸ் போட்டு 10 ஆண்டு இழுக்கலாம் என்று சொல்லும் சில யோசனைக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு வீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், நாளைக்கு அந்த ஊரில் வேறு யார் வீடு தருவார்? அதைவிடப் பேரம் லாபம். ஆள் இருக்கும் வீட்டுக்கு விலை குறையும் என்பது விற்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். காலி வீடு அவர்களுக்குத் தேவை. அட்வான்ஸ் மொத்தமாகக் கையில், சாமான் ஏற்றும் வண்டிச் செலவு, பிள்ளைகளின் முழுப் பரீட்சை முடியும் வரை தவணை, இவற்றைக் கேட்க இதுதான் நேரம். சாவியும் பணமும் ஒரே நாளில் கைமாற வேண்டும்.

ஆனிக் கடைசியில் நோட்டீஸ் வந்தால் இன்னும் ஒரு பிடி உண்டு. ஆடியில் நம்மவர் யாரும் குடி போவதில்லை. சட்டத்துக்கு ஆடியும் தெரியாது, மார்கழியும் தெரியாது. ஆனால் வாங்கியவர் வீட்டு அம்மாவுக்குத் தெரியும். ஆவணி பிறக்காமல் அவர்களும் பால் காய்ச்சப் போவதில்லை. பூட்டிக் கிடக்கப் போகும் அந்த ஒரு மாதத்தை வாடகையோடு கேட்டால், இல்லை என்று சொல்ல அவர்களுக்குக் காரணம் குறைவு.