தட்டுக்கு முன்னால் ஒரு படிவம்

அமெரிக்காவில் கல்வியாண்டு தொடங்கும்போது பெற்றோருக்கு ஒரு கடிதம் வரும். ‘உங்கள் வருமானம் இந்த அட்டவணைக்குள் இருந்தால், பிள்ளைக்கு இலவசமாகவோ சலுகை விலையிலோ மதிய உணவு கிடைக்கும், படிவத்தை நிரப்பி அனுப்புங்கள்’ என்பது அதன் சாரம். விண்ணப்பம் கேட்கும் பள்ளிகள் இதை அனுப்பியே ஆக வேண்டும். 1946இல் அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்ட தேசியப் பள்ளி மதிய உணவுச் சட்டம், பின்னர் வந்த திருத்தங்களோடு, அப்படித்தான் சொல்கிறது. பெற்றோருக்குத் தெரிவித்துவிட்டால் பிள்ளை சாப்பிட்டுவிடும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது இந்த ஏற்பாடு. அந்த நம்பிக்கைதான் கேள்விக்குரியது.

சட்டமே மறைக்கும் தகவல்

கூட்டாட்சி அரசின் வறுமை அளவில் 130% வரை வருமானம் உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உணவு இலவசம். அதற்கு மேல் 185% வரை சலுகை விலை. மதிய உணவுக்கு அதிகபட்சம் 40 சென்ட். 2024-25 கல்வியாண்டில் நான்கு பேர் குடும்பத்துக்கு முதல் வரம்பு ஆண்டுக்கு 40,560 டாலர். இரண்டாவது 57,720 டாலர். வேடிக்கை என்னவென்றால், வீட்டுக்கு வரும் கடிதத்தில் இரண்டாவது வரம்பு மட்டுமே இருக்கும். இலவச உணவுக்கான வரம்பை அதில் அச்சிடக் கூடாது என்று சட்டமே தடுக்கிறது. தெரிந்தால் வருமானத்தைக் குறைத்து எழுதிவிடுவார்களோ என்ற சந்தேகம் அந்தத் தடையில் தொனிக்கிறது.

படிவமும் லேசுப்பட்டதல்ல. வீட்டில் உள்ள எல்லோருடைய பெயரும், வரிப் பிடித்தத்துக்கு முந்தைய வருமானமும் வேண்டும். கையெழுத்திடுபவரின் சமூகப் பாதுகாப்பு எண்ணில் கடைசி நான்கு இலக்கங்கள் வேண்டும்; எண் இல்லாதவர் ‘இல்லை’ என்று குறிக்கலாம். குடியுரிமை கேட்கப்படுவதில்லை. ஆனாலும், ஆவணங்கள் இல்லாத ஒரு தாய்க்கு அந்த ‘இல்லை’யைக் குறிக்கக் கை நடுங்கத்தானே செய்யும்? படிவத்தைப் பெற்றோருக்குப் புரியும் மொழியில் ‘இயன்றவரை’ தர வேண்டும் என்கிறது சட்டம். எது இயலும் என்பதைப் பெற்றோர் முடிவு செய்வதில்லை.

முந்தைய ஆண்டின் தகுதி, புதிய ஆண்டில் முதல் 30 பள்ளி நாட்கள்வரைதான் செல்லும். அதற்குள் படிவம் திரும்பாவிட்டால், நேற்றுவரை இலவசமாகச் சாப்பிட்ட பிள்ளையின் கணக்கில் கடன் ஏறத் தொடங்கும். பிறகு விண்ணப்பித்து ஏற்கப்பட்டாலும் அதற்கு முந்தைய கடன் அப்படியே நிற்கும்.

நியூ மெக்சிகோவின் ஆறு ஆண்டுகள்

கடன் வைத்த பிள்ளைகளின் கையில் முத்திரை குத்திய பள்ளிகள் உண்டு. தட்டில் வைத்த சூடான உணவைப் பிடுங்கிக் குப்பையில் கொட்டிவிட்டு, ஆறிய சீஸ் சாண்ட்விச்சைக் கொடுத்த பள்ளிகளும் உண்டு. 2017இல் இவற்றைத் தடைசெய்து சட்டம் இயற்றிய முதல் மாநிலம் நியூ மெக்சிகோ. மசோதாவைக் கொண்டுவந்த மாநில செனட்டர் மைக்கேல் பதில்லா, சிறுவயதில் பள்ளி உணவுக்கூடத்தின் தரையைத் துடைத்தவர்.

அந்தச் சட்டம் பெற்றோருக்குத் தகவல் சொல்லும் கடமையையும் மாற்றி எழுதியது. ஐந்து வேளை உணவுக்குக் கடன் சேர்ந்தால், அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே தகுதி உண்டா என்று பள்ளி முதலில் அரசுப் பட்டியலில் பார்க்க வேண்டும். பெற்றோரைக் குறைந்தது இரண்டு முறை தொடர்புகொண்டு படிவத்தை நிரப்பச் செய்ய முயல வேண்டும். கடிதம் அனுப்பியதோடு கைகழுவ முடியாது. தகவல் தரும் சட்டத்தை இதைவிட அக்கறையோடு எழுதுவது கடினம். ஆனால், 2023இல் அதே மாநிலம், அதே பதில்லாவின் முயற்சியோடு, எல்லா மாணவர்களுக்கும் உணவு இலவசம் என்று அறிவித்தது. கலிபோர்னியாவும் மெய்னும் 2021இலேயே இந்த முடிவுக்கு வந்திருந்தன.

இதற்கு நடுவே பெருந்தொற்று ஒரு பாடம் நடத்தியிருந்தது. 2020 முதல் 2022 ஜூன்வரை அமெரிக்கப் பள்ளிகளால் படிவம் கேட்காமல் உணவு வழங்க முடிந்தது. சலுகை முடிந்ததும் படிவம் திரும்பி வந்தது. 2020இல் முதல் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த பெற்றோரில் பலர் அப்படியொன்றைப் பார்த்ததே இல்லை.

இனி என்ன?

வசதியுள்ளவர் பிள்ளைக்கும் அரசுப் பணமா என்ற கேள்வி நியாயமானதே. எல்லா மாநிலங்களாலும் அந்தச் செலவைத் தாங்க முடியாமலும் போகலாம். அதற்கும் வழி இருக்கிறது. ஸ்நாப் என்ற உணவு உதவித் திட்டத்தில் உள்ள குடும்பங்களின் பிள்ளைகளை, விண்ணப்பமின்றி நேரடியாகச் சேர்ப்பதை 2004ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. ஏழைக் குடும்பங்கள் அதிகமுள்ள பள்ளிகள், படிவமே வாங்காமல் அனைவருக்கும் உணவளிக்க 2010ஆம் ஆண்டுச் சட்டம் இடம்கொடுத்தது. தன்னிடமே இருக்கும் விவரத்தை அரசு பெற்றோரிடம் திரும்பக் கேட்பானேன் என்ற எளிய நியாயம்தான் இது.

அந்த வாசலும் இப்போது குறுகுகிறது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் ஸ்நாப் விதிகளை இறுக்கியிருக்கிறது. அதிலிருந்து விழும் குடும்பங்களின் பிள்ளைகள் மறுபடியும் கடிதத்தை நம்பித்தான் இருக்க வேண்டும். ஆகவே, இலவச வரம்பை மறைக்கும் பிரிவை அமெரிக்க நாடாளுமன்றம் முதலில் நீக்க வேண்டும். குடியுரிமை கேட்கப்படாது என்பதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே, பெற்றோரின் மொழியில் சொல்ல வேண்டும். பதில் வராத வீட்டைத் தேடிச் செல்வது பள்ளியின் கடமையாக வேண்டும். படிவத்தை நிரப்ப மறந்தது பெற்றோர். பட்டினி கிடப்பது பிள்ளை. அந்தத் தண்டனையைச் சட்டம் இனியும் அனுமதிக்கக் கூடாது.