சரிகைக்கு உரைகல் உண்டு, மேடைக்கு?

காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலை வாங்குவோர் சரிகையைச் சோதித்துப் பார்க்கலாம். வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று கருவி சொல்லிவிடும். நெய்தவர் யாருடைய மகன் என்று அது கேட்பதில்லை.

கர்நாடக இசை மேடைக்கு அத்தகைய கருவி இல்லை. தரத்தை முன்கூட்டியே அளக்க இயலாத சந்தையில், வாங்குபவர் தெரிந்தவரின் பரிந்துரையை நாடுவார் என்பது பொருளியலின் பாலபாடம். மார்கழியில் சென்னைச் சபாக்களின் மாலைக் கச்சேரி யாருக்கு என்பதும் பெரும்பாலும் அவ்வாறே முடிவாகிறது. என்னிடம் பயின்ற நெசவாளர் மகன் ஒருவர் அருமையாகப் பாடுவார். வாய்ப்புக் கேட்டுச் சென்ற இடத்தில், “உங்கள் குரு யார்?” என்று விசாரித்தார்கள், பாடச் சொல்லவில்லை. இன்று அவர் பட்டுக் கடையொன்றில் கணக்கு எழுதுகிறார்.

தீர்வு இல்லாமல் இல்லை. அமெரிக்க இசைக்குழுக்கள் பல, 1970களிலிருந்து கலைஞர்களைத் திரைக்குப் பின்னால் வாசிக்கச் செய்து தேர்ந்தெடுத்தன. அதனால் பெண்களின் வாய்ப்புக் கூடியது என்று சிசிலியா ரௌஸுடன் இணைந்து 2000இல் எழுதியவர், 2023இல் நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின். நம் அகில இந்திய வானொலியும் 1950களிலேயே குரல் தேர்வு நடத்திக் கலைஞர்களைத் தரப்படுத்தியது.

குரு பரம்பரை போற்றத்தக்கது. அதுவே நுழைவுச்சீட்டு ஆகிவிடக் கூடாது. ஒவ்வொரு சபாவும் மாலைக் கச்சேரிகளில் சிலவற்றையேனும், பெயரும் முகமும் அறியாமல் நடத்தும் குரல் தேர்வுக்கு ஒதுக்கட்டும். தேர்வு விதிகளையும் முன்கூட்டியே வெளியிடட்டும்.