மாதத் தவணையும் மாசூல் வரவும்

நெல்லுக்கு மாதச் சம்பளம் கிடையாது. குறுவை அறுத்தால் புரட்டாசி, ஐப்பசியில் ஒரு வரவு. சம்பா அறுத்தால் தை, மாசியில் ஒரு வரவு. கரும்பு போட்டவருக்கு ஆண்டுக்கு ஒரு தடவை. மஞ்சள் போட்டவருக்கும் அப்படித்தான். நடுவில் இரண்டு கறவை மாடு இருந்தால் பால் பணம் கைச்செலவுக்கு ஓடும். காலங்காலமாக எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான் இது. ஆனால் இன்று விவசாயி வீட்டில் தவணைக்கு வாங்கும் மோட்டார் சைக்கிளானாலும், மகனுக்கு வாங்கிய கைபேசியானாலும், மின்மோட்டாரானாலும், டியூ விழுவது மாதாமாதம் ஒரே தேதியில். அதையும் யாரும் கையில் கொண்டுபோய்க் கட்டுவதில்லை. பாங்கிக் கணக்கிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. எடுக்கப் போகும்போது பணம் இல்லையென்றால் அபராதம்.

கிராமங்களில் இதற்கு ஈ.சி.எஸ். என்று பெயர். அந்தப் பழைய ஏற்பாடு போய், இப்போது தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் நடத்தும் 'நாச்' என்ற ஏற்பாட்டின் மூலம் வசூல் நடக்கிறது. பெயர் மாறினாலும் ஊர்வாயில் ஈ.சி.எஸ். என்றே நிலைத்துவிட்டது. "ஈ.சி.எஸ். ரிட்டர்ன் ஆகிவிட்டது" என்று சொல்லாத வீடு இன்று குறைவு.

கணக்கிலிருந்து நேராகப் பிடித்தம் செய்யும் இந்த முறை பிரிட்டனில் 1964-ல் ஆரம்பமாயிற்று. ஐஸ்கிரீம் விற்கும் சில்லறைக் கடைகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கிப் பணம் வசூலிப்பது யூனிலீவர் கம்பெனிக்குப் பெரும் தொல்லையாக இருந்தது. கடைக்காரரிடம் ஒரு முறை கையெழுத்து வாங்கிக்கொண்டு, அவரது பாங்கியிலிருந்தே பணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்ற யோசனை அங்கேதான் பிறந்தது. வசூலிப்பவரின் சிரமத்தைக் குறைக்க வந்த முறை என்பதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

பிறகு அந்த நாட்டில் மின்சாரம், காஸ், டெலிபோன் என்று எல்லா பில்களும் இந்த வழிக்கு வந்தன. ஆரம்பத்தில், இந்த முறையில் கட்டுகிறவர்களுக்குச் சிறு தள்ளுபடி கொடுத்து ஆசை காட்டினார்கள். பெரும்பாலோர் மாறிய பிறகு, மாறாதவர்கள்மீது கட்டணம் விழுந்தது. 2007-ல் பிரிட்டிஷ் டெலிகாம் கம்பெனி, நேரடிப் பிடித்தத்துக்குச் சம்மதிக்காத டெலிபோன் சந்தாதாரர்களிடம் மூன்று மாத பில் ஒன்றுக்கு நாலரை பவுண்டு கூடுதலாக வாங்க ஆரம்பித்தது. பெரிய ஆட்சேபம் எழுந்தது. மின்சாரம், காஸ் விஷயத்தில் இந்த வேறுபாடு இன்னும் பெரியது. அங்கே ஆப்ஜெம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு 2019 ஜனவரி முதல் கட்டணத்துக்கு உச்சவரம்பு விதிக்கிறது. அந்த உச்சவரம்பே கட்டும் முறைக்குத் தகுந்தபடி வேறுபடுகிறது. 2024-ம் ஆண்டில், பில்லைப் பார்த்த பிறகு பணம் கட்டும் ஒரு சராசரிக் குடும்பம், நேரடிப் பிடித்தத்தில் கட்டும் குடும்பத்தைவிட ஆண்டுக்கு 100 பவுண்டுக்கு மேல் அதிகம் கொடுக்க வேண்டியிருந்தது. முன்பணம் போட்டு எரிக்கும் மீட்டர்காரர்களுக்கும் இப்படி ஒரு கூடுதல் சுமை இருந்தது. ஏழைகள் அதிகம் என்பதால் 2024 ஏப்ரல் 1 முதல் அவர்களுடைய நிலைக் கட்டணத்தை மற்றவர்களுக்குச் சமமாக்கினார்கள். பில் பார்த்துக் கட்டுகிறவரின் சுமை நீங்கவில்லை.

கம்பெனிகள் சொல்லும் காரணத்தைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. பில் அனுப்பி, நினைவூட்டி, காத்திருந்து வசூலிக்கச் செலவு ஆகிறது. பணம் தாமதமாக வருவதால் வட்டி நஷ்டம். சிலர் கட்டாமலே போய்விடுகிறார்கள். அந்தச் செலவை நாணயமாகத் தேதியில் கட்டுகிறவர் தலையில் ஏன் கட்ட வேண்டும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நேரடிப் பிடித்தத்துக்குச் சம்மதிக்காதவர்கள் எல்லோரும் நாணயம் இல்லாதவர்களா? வருமானம் ஏறி இறங்குகிறவர், எந்தத் தேதியில் கணக்கில் எவ்வளவு இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதவர், பில் வந்த பிறகு பணத்தைப் புரட்டிக் கட்டுகிறார். ஒரு நாள்கூடத் தவறாமல் கட்டுகிறவரும் அவர்களில் உண்டு. அவரிடமும் அதே கூடுதல் தொகைதான் வாங்கப்படுகிறது. தண்டனை தாமதத்துக்கு அல்ல. வருமானம் வருகிற விதத்துக்கு.

நம் விவசாயிக்கு இந்த விஷயம் வேறு வேஷத்தில் வந்திருக்கிறது. பிரிட்டனில் கையெழுத்துப் போடாதவருக்குக் கூடுதல் கட்டணம். இங்கே பைனான்ஸ் கம்பெனியில் கையெழுத்துப் போடாவிட்டால் கடனே கிடையாது. கையெழுத்துப் போட்ட பிறகு, கணக்கில் பணம் குறைந்தால் அபராதம். ரொக்கமாகக் கட்டுகிறேன் என்று போனால், சில கம்பெனிகள் அதற்கும் தனிக் கட்டணம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருக்கின்றன.

அபராதம் ஒன்றல்ல, இரண்டு. கணக்கு வைத்திருக்கும் பாங்கி, கேட்பு திரும்பியதற்காக ஒரு கட்டணம் பிடிக்கிறது. சில பாங்கிகளில் 250 ரூபாய், சிலவற்றில் 500 ரூபாய் வரைகூட. கடன் கொடுத்த கம்பெனி தன் பங்குக்கு ஒன்று போடுகிறது. மாதம் 3,000 ரூபாய் தவணையில் வண்டி வாங்கிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். பாங்கிக்கு 250, கம்பெனிக்கு 500 என்று வைத்தால் ஒரு தடவைக்கு 750 ரூபாய். தவணையில் கால் பங்கு. கம்பெனி அதே வாரத்தில் மறுபடி கேட்பு அனுப்பி, அதுவும் திரும்பினால் 1,500 ரூபாய். தவணையில் பாதி போயிற்று, தவணையோ அப்படியே நிற்கிறது. கணக்கில் பணம் இல்லாததால் பிடிக்க முடியாத கட்டணம் பாங்கியின் பேரேட்டில் காத்துக்கொண்டிருக்கும். பிறகு எந்தப் பணம் உள்ளே வந்தாலும் முதலில் அது கழியும். உரம் வாங்கலாம் என்று காத்திருந்த பி.எம். கிசான் தவணை 2,000 ரூபாய் வந்தவுடன் குறைந்துபோவதன் ரகசியம் பல வீடுகளில் இதுதான்.

இந்த இடத்தில் கரும்பு விவசாயியின் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். 1966-ம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு உத்தரவின்படி, கரும்பைப் பெற்றுக்கொண்ட 14 நாளுக்குள் ஆலை பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவிகித வட்டி சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதாவது ஒரு லட்ச ரூபாயை ஆலை ஒரு மாதம் நிறுத்தி வைத்தால் வட்டி 1,250 ரூபாய். அந்த வட்டி தானாக விவசாயியின் கணக்குக்கு வருவதில்லை. கேட்டு, மனுக் கொடுத்து, சில சமயம் கோர்ட்டுக்குப் போய் வாங்க வேண்டியிருக்கிறது. ஆலைப் பணம் வராததால் 3,000 ரூபாய்த் தவணை ஒரே ஒரு நாள் தவறினால் 750 ரூபாய் அபராதமோ, யாரும் கேட்காமலே அன்றைக்கே கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது. தாமதம் செய்தது ஆலை. தண்டம் கட்டுவது விவசாயி. ஆலைக்கும் ஒரு ஈ.சி.எஸ். கையெழுத்து வாங்கி வைத்தால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது.

விவசாயத்தின் வரவு மாத வரவு அல்ல என்பது சர்க்காருக்கோ பாங்கிகளுக்கோ தெரியாத விஷயமல்ல. பயிர்க்கடனுக்கு மாதத் தவணை யாரும் கேட்பதில்லை; அறுவடையை ஒட்டித்தான் கெடு. குறுகியகாலப் பயிர்க்கடன் இரண்டு பயிர்ப் பருவம் தாண்டியும், நீண்டகாலப் பயிர்க்கடன் ஒரு பயிர்ப் பருவம் தாண்டியும் பாக்கி நின்றால்தான் அதை வாராக்கடன் என்று வகைப்படுத்த வேண்டும் என்று ரிசர்வ் பாங்கியின் விதியே சொல்கிறது. டிராக்டர் கடனுக்கு அரையாண்டுத் தவணை வைக்கும் பாங்கிகள் பல உண்டு. ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷனில் பிரீமியத்தை ஆண்டுக்கு ஒரு தடவை கட்டலாம். பல திட்டங்களில் அப்படிக் கட்டுகிறவருக்குச் சிறு தள்ளுபடியும் உண்டு. மாசூல் கைக்கு வந்ததும் ஒரே மூச்சில் கட்டி நிம்மதியாக இருக்கும் விவசாயிகள் எத்தனையோ பேர். இவ்வளவும் முடிகிறபோது, வண்டிக் கடனுக்கும் மோட்டார் கடனுக்கும் மட்டும் ஏன் முடியாது?

முடியாமல் இல்லை. கடன் வாங்கும்போது கையெழுத்துப் போடும் அந்த ஒற்றைத்தாள் 'நாச்' பாரத்திலேயே மாதம், காலாண்டு, அரையாண்டு, ஆண்டு என்று தனித்தனிக் கட்டங்கள் அச்சாகியிருக்கின்றன. எதில் வேண்டுமானாலும் குறி போடலாம். ஏஜெண்டு கொண்டுவரும்போதே மாதம் என்ற கட்டத்தில் குறி போட்டுக் கொண்டுவந்துவிடுகிறார், அல்லது வெற்றுத்தாளாக நீட்டி "இங்கே ஒரு கையெழுத்து, இங்கே ஒன்று" என்கிறார். அறுவடைப் பட்டத்தை ஒட்டித் தவணை வேண்டும் என்று கேட்கலாம் என்பது விவசாயிக்குத் தெரிவதில்லை. கேட்டால் எல்லாக் கம்பெனியும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்வதற்கில்லை. ஒரு ஊரில் பத்துப் பேர் கேட்டால் யோசிப்பார்கள். அரையாண்டுத் தவணை கிடைக்காவிட்டாலும், தேதியையாவது மாற்றிக் கேட்கலாம். பால் பணம் கணக்கில் ஏறும் நாளுக்கு இரண்டு நாள் தள்ளி டியூ தேதி வைத்தாலே பாதித் தொல்லை தீரும்.

பாரத்தில் பார்க்க வேண்டியவை இன்னும் உண்டு. அதில் எழுதுவது நிலையான தொகையா, அதிகபட்சத் தொகையா என்று ஒரு கட்டம் இருக்கிறது. 3,000 ரூபாய்த் தவணைக்கு அதிகபட்சம் 10,000 என்று எழுதிக் கையெழுத்து வாங்கினால், அந்த அளவு வரை எடுக்க விவசாயியே அனுமதி கொடுத்ததாகிவிடும். எந்தத் தேதி வரை இந்த அனுமதி செல்லும் என்பதையும் கவனிக்க வேண்டும். பாரத்தின் நகல் ஒன்று வீட்டில் இருப்பது அவசியம். கடன் தீர்ந்தபின் அனுமதியை ரத்து செய்யும்படி கம்பெனியிடமும் பாங்கியிடமும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

பலருக்குத் தெரியாத இன்னொரு மாற்றம். முன்பெல்லாம் டியூ தேதி ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் திங்களன்று பிடிப்பார்கள். திங்கள் காலையில் பணம் போட்டால் போதும். 2021 ஆகஸ்ட் 1 முதல் 'நாச்' வசூல் ஞாயிறு, பண்டிகை உள்பட எல்லா நாளும் நடக்கிறது. பாங்கி பூட்டியிருக்கும், பிடித்தம் நடந்துவிடும். ஆகவே சனிக்கிழமையே கணக்கில் பணம் இருக்க வேண்டும்.

செக் திரும்பினால் கேஸ் வரும் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். ஈ.சி.எஸ். திரும்பினாலும் வழக்குக்கு இடமுண்டு. 2007-ம் ஆண்டின் பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தில் 25-ம் பிரிவு அதைச் சொல்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே. அதற்கு முன் கம்பெனி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட்டால் வழக்கு எழாது. வசூலுக்கு வரும் ஆட்கள் இந்தப் பிரிவை வைத்து மிரட்டும்போது விவசாயி தெரிந்துவைத்திருக்க வேண்டியது இந்த 15 நாள்.

ரிசர்வ் பாங்கி சும்மா இருந்துவிடவில்லை. 2023 ஆகஸ்ட் 18-ல் அது வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, கடன் நிபந்தனை தவறியதற்கான அபராதத்தை வட்டியோடு சேர்த்து அபராத வட்டியாக வாங்கக் கூடாது. தனிக் கட்டணமாகவே வாங்க வேண்டும். அந்தக் கட்டணத்தின் மேல் மறுபடி வட்டி ஏற்றக் கூடாது. தொகை நியாயமாக இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். புதிய கடன்களுக்கு இது 2024 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. நல்ல உத்தரவு. ஆனால் 'நியாயமான தொகை' எவ்வளவு என்று அதில் எண் இல்லை. கேட்பு திரும்பியதற்குக் கணக்கு வைத்திருக்கும் பாங்கி பிடிக்கும் கட்டணத்தை இந்த உத்தரவு தொடவும் இல்லை. ஒரே தவணைக்கு இரண்டு, மூன்று முறை கேட்பு அனுப்பி ஒவ்வொன்றுக்கும் கட்டணம் போடுவதை நிறுத்தி, ஒரு தவணைக்கு ஒரு தடவை என்று விதி செய்தாலே சிறு விவசாயிக்குப் பெரிய உபகாரமாக இருக்கும். கேட்பு அனுப்புவதற்கு மூன்று நாள் முன்னால் தமிழில் ஒரு குறுஞ்செய்தி கட்டாயம் என்று ஆக்கினால் அதைவிட நல்லது. இப்போது வரும் செய்தி ஆங்கிலத்தில் வருகிறது. பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளை வந்து படித்துச் சொல்வதற்குள் பிடித்தம் நடந்து முடிந்துவிடுகிறது.

சட்டம் திருந்தும் வரை காத்திருக்க வேண்டியதில்லாத காரியம் ஒன்று உண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கமும் பால் சங்கமும் இல்லாத வட்டாரம் தமிழ்நாட்டில் அநேகமாக இல்லை. சங்கக் காரியதரிசி ஒரு 'நாச்' பாரத்தைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் அருகில் தமிழில் விளக்கம் எழுதி வைக்கலாம். ஒரு காகிதம், கொஞ்சம் பசை, அரை மணி நேர வேலை. வண்டிக் கடைக்குப் போகிற வழியில் விவசாயி அதை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போகட்டும்.