லைட் அடிக்காததற்குப் பொடியனின் காசை வெட்டலாமா?

கட்டுக்கரைப் பக்கத்து உறவுகளுக்கும், மன்னாரில் கெமரா தூக்கித் திரியும் என் பழைய மாணவர்களுக்கும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

போன மாதம் எங்கள் குடும்பத்தில் ஒரு கலியாணம். பெண் வீட்டுப் பக்கம் படம் எடுத்தவர் என்னிடம் படித்த பொடியன். மேடைக்கு இரு பக்கமும் குடை பூட்டி இரண்டு பிளாஷ் வைத்திருந்தார். வலப்பக்கத்து லைட் ஒழுங்காக அடித்தது. இடப்பக்கத்து லைட் ஒரு படத்துக்கு அடிக்கும், அடுத்த படத்துக்குப் பேசாமல் நிற்கும். பாதிப் படங்களில் மாப்பிள்ளையின் ஒரு பக்க முகம் இருட்டு. சபையில் வைத்தே என் மச்சான் அந்தப் பிள்ளையை ஏசினார். பேசின காசில் பாதியை வெட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றேன், வாய் திறக்கவில்லை. அது என் பிழை.

இரண்டு நாள் கழித்து அவர் வீட்டுக்கு வந்தார். "சேர், லைட் ரெண்டையும் வித்துப்போட்டு கட்டாருக்குப் போகப் போறன்." முதலில் செட்டைப் பூட்டும் என்றேன். விறாந்தையில் வைத்து ஐம்பது தரம் அடித்துப் பார்த்தோம். ஐம்பதும் சரி!

அப்படியென்றால் மண்டபத்தில் இருந்து இங்கே இல்லாதது எது? யோசித்தால் ஒன்றுதான்: மாப்பிள்ளை வீட்டாரின் படக்காரர்.

இடப்பக்கத்து லைட் பழசு, அதில் ரேடியோ இல்லை. வேறொரு பிளாஷின் வெளிச்சத்தைக் கண்டால் தானும் அடிக்கிற கண் மட்டும்தான் உண்டு. அந்தக் கண்ணுக்கு யாருடைய பிளாஷ் என்று தெரியாது. மற்றவர் கெமரா மேல் பிளாஷ் வைத்து அடிக்க அடிக்க, இதுவும் சேர்ந்து அடித்துக் காலியாகிவிடும். திரும்ப நிரம்ப இரண்டு மூன்று செக்கன் வேண்டும். அதற்குள் நம்ம பொடியன் பட்டனை அமுக்கினால் வலப்பக்கம் மட்டும்தான். மகளின் சின்னக் கெமராவை எடுத்து நான் ஒரு பிளாஷ் அடித்தேன், இடப்பக்கத்து லைட் துள்ளியது. உடனே அவரை அடிக்கச் சொன்னேன். வலப்பக்கம் மட்டும்! அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

அந்த லைட்டுக்கு ஒரு ரேடியோ ரிசீவர் போட்டால் தீர்ந்தது. ஆனால் ரேடியோவிலும் இதே கூத்து வரும். நம் பிள்ளைகளில் நிறையப் பேரிடம் கோடொக்ஸ் இருக்கிறது. அதில் 32 சனல் இருந்தும், பெட்டியில் வந்தபடியே விட்டுவிடுகிறார்கள். இரண்டு பேரும் ஒரே சனல் என்றால் ஒருவர் அமுக்க மற்றவர் லைட் அடிக்கும். மேடை ஏறுமுன் இரண்டு படக்காரரும் "தம்பி, நீங்க எந்தச் சனல்?" என்று கேட்டுக்கொள்ள ஒரு நிமிடம் போதும். போட்டி, ரோசம் எல்லாம் பிறகு.

வேறு காரணங்களும் உண்டு. படத்தில் ஒரு பக்கம் கறுப்புப் பட்டி விழுந்தால் லைட்டில் பிழை இல்லை, ஷட்டர் வேகம் கூடிவிட்டது. 1/160க்கு இறக்கிப் பாருங்கள். சத்தமில்லாத ஷட்டரில் வைத்தால் பெரும்பாலான கெமராக்களில் பிளாஷ் அடிக்கவே அடிக்காது. நம் கடல் காற்று உப்பு, ட்ரிகர் பூட்டும் இடத்துப் பின்கள் மங்கிவிடும். பள்ளிக்கூட அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்தால் போகும். 2019இல் வந்த கெனன் 200டி மார்க் 2இல் நடுப் பின்னே இல்லை. ஒற்றைப் பின் ட்ரிகர் அதில் வேலை செய்யாது, எத்தனை மாற்றினாலும். இது தெரியாமல் ட்ரிகரைக் குப்பையில் போட்டவர்களும் இருப்பார்கள்.

2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360க்கு ஏறிய பிறகு ஒரு லைட் வாங்குவது விளையாட்டில்லை. பிள்ளைகளே, "செட் போயிட்டு" என்று சொல்லுமுன் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். பெற்றரி, பிறகு சனல், பிறகு ஷட்டர். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது பிழை என்று ஒருநாளும் பிடிபடாது.

படம் கெட்டால் வீட்டாருக்குக் கோபம் வரும், நியாயம். எங்கள் வீட்டில் வாப்பா உம்மாவின் கலியாணப் படம் இல்லை. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டபோது அல்பம் எடுத்துப்போக யாருக்கு நினைவிருந்தது? அதனால்தான் சொல்கிறேன், படம் எடுக்கிற பிள்ளைகள் ஊரில் இருக்க வேண்டும். காசை வெட்டுவதற்குப் பதிலாக, கலியாணத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னமே மண்டபத்தைத் திறந்து கொடுங்கள், லைட்டைச் சோதிக்கட்டும். இரண்டு வீட்டுப் படக்காரரையும் முதல் நாளே பேச வையுங்கள்.

ரிசீவர் வாங்கியாச்சு. வாற வெள்ளி முருங்கன் பக்கம் ஒரு கலியாணம் பிடித்திருக்கிறார்.

மச்சான், நீங்களும் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். மிச்சக் காசை அந்தப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்.