கண்ணீரும் காசும்

“இணையச் சூதில் பொருளிழந்த இளைஞன் உயிர்நீத்தான்” என ஒரு பக்கத்தில் கண்ணீர் வடித்த ஏடுகள் பல, மறுபக்கத்தில் எதை விற்றன? அத்தகைய சூதுக்கான அழைப்பை!

இணையப் பந்தய விளம்பரங்களை வெளியிடாதீர் என 2022 ஜூனில் ஒன்றிய அரசு அவற்றுக்கு அறிவுரை கூற நேர்ந்தது. ஊருக்கு உபதேசம் செய்வோர்க்கே உபதேசமா? வெட்கம்!

2025 ஆகஸ்டில் தடைச்சட்டம் வந்தது. வேலையிழப்பு, வரியிழப்பு, விளம்பர இழப்பு எனத் தலைப்புகள் அணிவகுத்தன. அடகுக்கடை ஏறிய தாயின் வளையலுக்கு அந்தக் கணக்கில் இடமுண்டா?

இலண்டன் ‘கார்டியன்’ ஏடு 2023-இல், சட்டம் வற்புறுத்தாமலே, பரிசுச்சீட்டு நீங்கலான சூதாட்ட விளம்பரங்களை மறுத்தது. தோழர்களே! சட்டம் கையைப் பிடித்தபின் விடுவது சீர்திருத்தமன்று. காசு வரும்போதே கதவடைப்பதே அறம். ஏட்டுக்குக் காசு தருவோர் நாமுமன்றோ? கேட்போம்!