பெட்டிச் சாவி யாரிடம்?

டெலிவிஷனில் ஒரு சிறுவன் துடுக்காகப் பேசினால் விழுந்து விழுந்து சிரிக்கிறோம். அவன் சம்பாதிக்கும் பணத்துக்குப் பெட்டிச் சாவி யாரிடம் என்று கேட்கிறோமா?

அமெரிக்காவிலே காரி கோல்மன் என்று ஒரு பையன். சிறுநீரகக் கோளாறினால் அவனுடைய உயரம் நாலடி எட்டங்குலத்தோடு நின்றுவிட்டது. 1978-ல், பத்து வயதில், 'டிஃப்ரண்ட் ஸ்ட்ரோக்ஸ்' தொடரில் நடிக்க வந்தான். எட்டு ஆண்டுகள் நாடே சிரித்தது, பணமும் கொட்டியது.

பையன் பெரியவரானார், கணக்குக் கேட்டார். 1989-ல் பெற்றோர் மீதும் மானேஜர் மீதும் வழக்குப் போட்டார். 1993-ல் ஜெயித்தார், தீர்ப்பான தொகை சுமார் 12,80,000 டாலர். அப்படியும் பிற்பாடு காவல்காரர் வேலை பார்க்க நேர்ந்தது. 1999-ல் மஞ்சள் கடுதாசி! 2010-ல், 42 வயதில், காலமானார்.

குழந்தை நடிகர்களுக்காகக் கலிபோர்னியாவில் 1939-லேயே சட்டம் வந்தது. அதில் ஓட்டைகள் ஏராளம். குழந்தையின் சம்பளம் குழந்தைக்கே சொந்தம், நூற்றுக்குப் பதினைந்தாவது அதன் பெயரில் பதினெட்டு வயது வரை பத்திரமாக இருக்கவேண்டும் என்று 2000-ல்தான் திருத்தினார்கள். கோல்மனுக்கு அது உதவவில்லை.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் பாட்டிமார் சும்மாவா சொன்னார்கள்?