சந்தைக் கணக்கும் பள்ளிக் கணக்கும்

கொல்கத்தா, தில்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,436 சிறுவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2025ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வெளியானது. 800 கிராம் உருளைக்கிழங்கு, 1.4 கிலோ வெங்காயம் என்று சிக்கலான அளவுகளில் கேட்டபோதும் அவர்களில் பெரும்பாலோர் விலையைச் சரியாகச் சொன்னார்கள். அதே சிறுவர்கள் பாடநூல் பாணியில் எழுதித் தந்த எளிய கணக்குகளில் தடுமாறினார்கள். பள்ளி மாணவர்களோ காகிதத்தில் ஓரளவு தேறிச் சந்தைக் கணக்கில் பின்தங்கினார்கள்.

குழந்தைகளைச் சந்தைக்குத் துரத்தும் வறுமை ஒரு கொடுமை. அவர்களிடம் உள்ள அறிவைப் பள்ளி கண்டுகொள்ளாதது மற்றொரு கொடுமை. கிராமப்புற 5ஆம் வகுப்பு மாணவர்களில் 30.7 சதவீதத்தினரால் மட்டுமே வகுத்தல் செய்ய முடிகிறது என்கிறது 2024ஆம் ஆண்டின் ‘அசர்’ அறிக்கை.

மாற்று வழி ஏற்கெனவே வகுக்கப்பட்டுள்ளது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பையொட்டி என்சிஇஆர்டி வெளியிட்ட ‘மேத்-மேஜிக்’ நூல்களில் செங்கல் சூளையும் மீன்பிடித் தொழிலும் காயலான் கடையும் கணக்காயின. விவசாயத் தொழிலாளரின் குறைந்தபட்சக் கூலியை மாநிலவாரியாக ஒப்பிடும் பயிற்சியும் 5ஆம் வகுப்பு நூலில் இடம்பெற்றது.

24 புளியங்கொட்டைகளைச் சமமான வரிசைகளாக எத்தனை விதங்களில் அடுக்கலாம் என்று கேட்டால், குழந்தை பெருக்கலையும் வகுத்தலையும் தானே கண்டடையும். ஒரு கொட்டையை எடுத்துவிட்டால், 23 அவ்வாறு பல வரிசைகளில் அடங்க மறுப்பது ஏன் என்ற கேள்வியும் எழும். அங்கே தவறான விடையும் கற்றலின் ஒரு படியே.

ஆனால், ‘இந்த விடை எப்படி வந்தது?’ என்று ஒவ்வொரு குழந்தையிடமும் கேட்க ஆசிரியர் வேண்டும். 2024-25 அரசுப் புள்ளிவிவரப்படி, நாட்டில் 1 லட்சத்துக்கும் அதிகமான பள்ளிகளில் ஒரே ஓர் ஆசிரியர்தான் இருக்கிறார். ஐந்து வகுப்புகளையும் அவரே நடத்தி, வாக்காளர் பட்டியல் பணிக்கும் செல்லவேண்டிய நிலையில், பார்த்தெழுதச் சொல்வதன்றி வேறென்ன செய்ய இயலும்? 2026-27க்குள் அடிப்படை எண்ணறிவு என்று ‘நிபுண் பாரத்’ திட்டத்தில் இலக்கு அறிவித்த ஒன்றிய அரசு, அதற்குரிய ஆசிரியர்களை உறுதிசெய்யவில்லை. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதம் கல்விக்கு என்ற, கோத்தாரி குழு காலத்து வாக்குறுதியும் ஏட்டளவிலேயே நிற்கிறது.

வசதி படைத்தோர் பிள்ளைகளுக்குத் தேடிக் கற்றல், உழைப்பாளர் பிள்ளைகளுக்கு வாய்பாடு ஒப்பித்தல் என்ற பாகுபாட்டை ஏற்கவியலாது. காலிப்பணியிடங்களை நிரப்புக, கற்பித்தல் அல்லாத பணிகளிலிருந்து ஆசிரியர்களை விடுவித்திடுக என்ற கோரிக்கைகள் ஆசிரியர் சங்கங்களோடு நின்றுவிடலாகாது. தொழிற்சங்கங்களும் விவசாயிகள் அமைப்புகளும் அவற்றைக் கையிலெடுக்க வேண்டும். கணக்கில் ‘ஏன்’ என்று கேட்கப் பழகிய குழந்தை, நாளை தன் கூலிக் கணக்கிலும் அதே கேள்வியை எழுப்பும்.